முத்திரை அக்கா திருப்பி அனுப்பின மனு

எங்க ஆபீஸ்ல முத்திரை அக்காவோட சொந்தப் பேரு வருகைப் பதிவேட்டுல மட்டும்தான் இருந்துச்சு. மத்தபடி துணைவேந்தர்லேருந்து தோட்டத்துக்குத் தண்ணி விடுறவர் வரைக்கும் எல்லாருக்கும் அவங்க முத்திரை அக்காதான். பல்கலைக்கழகத்து மெயின் கட்டடத்துல கீழ்த்தளம், வாசல்ல நுழைஞ்சதும் இடது பக்கம் கண்ணாடி போட்ட கவுண்டர். அதுக்குப் பின்னாடி முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தாங்க. எந்தக் காகிதமா இருந்தாலும் அந்தக் கண்ணாடியில இருக்கிற அரைவட்ட ஓட்டை வழியாத்தான் உள்ள வரணும். அக்கா அதை இன்வர்ட் ரிஜிஸ்டர்ல ஏத்தி, நம்பர் போட்டு, தேதி முத்திரை குத்தி, போக வேண்டிய மேசைக்கு அனுப்புவாங்க. கொண்டுவந்தவங்க கையில நகல் இருந்தா அதுலயும் அதே நம்பரைப் போட்டுக் கொடுப்பாங்க.

நான் பக்கத்து மேசை. சான்றிதழ் தயார் பண்ணிக் கொடுக்கிற வேலை. ஆபீஸ்ல என்னை வாயாடின்னு கூப்பிடுவாங்க, மூஞ்சிக்கு நேராவே கூப்பிடுவாங்க, நானும் மறுத்ததில்ல. அக்கா நாள் பூரா பத்து வார்த்தை பேசினா அதிகம். அவங்க பேசாம விட்டதையெல்லாம் சேர்த்து நான் பேசித் தீர்ப்பேன். பதினாறு வருஷம் அப்படியே ஓடிப்போச்சு. அதனால அவங்களைப் பத்திச் சொல்ல என்னை விட்டா ஆள் கிடையாது. சொல்ற தகுதி எனக்கு இருக்கான்னு கேட்டா, அது வேற விஷயம். கேட்டு முடிச்சுட்டு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

அக்கா கல்யாணம் பண்ணிக்கல. தம்பி, தம்பி பொண்டாட்டி, அவங்க ரெண்டு பிள்ளைங்க, எல்லாரும் ஒரே வீடு. மாடியில ஒரு ரூம் அக்காவுக்கு. அந்தப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதிட்டு அத்தைகிட்ட காட்டவே பயப்படுவாங்களாம். காய்ச்சல் எத்தனை டிகிரின்னு கேட்க மாட்டாங்க, தேதி ஏன் போடலேன்னுதான் முதல்ல கேட்பாங்க. கடைக்குப் போற சாமான் சீட்டுக்கு மட்டும்தான் இன்னும் நம்பர் போடலன்னு தம்பி பொண்டாட்டி என்கிட்ட சொல்லிச் சிரிச்சிருக்கா.

வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. ரிஜிஸ்டர்ல அடித்தல் திருத்தல் இருக்காது, ஒரு நம்பர் விட்டுப்போயிருக்காது. தணிக்கைக்கு வர்றவங்க கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுத் தேடினாலும் ஒண்ணும் சிக்காது. "நம்பர் ஏறாத காகிதம் காகிதமே இல்ல"ன்னு அடிக்கடி சொல்வாங்க. அவங்களுக்குன்னு ஒரு பார்வை உண்டு. காகிதத்தைக் கையில வாங்கினதும் கண்ணு மேல போகும்: அனுப்புநர், பெறுநர், வழி, பொருள். அடுத்து நேரா கீழ இறங்கும்: கையெழுத்து, தேதி. நடுவுல இருக்கிறதைத் தொடவே தொடாது. சோம்பல்னு நினைச்சிடாதீங்க. அதை ஒரு நேர்மையா வச்சிருந்தாங்க. "அடுத்தவங்க சமாச்சாரம் நமக்கெதுக்கு? நாம தபால் பெட்டியா இருந்துட்டுப் போயிடணும்"பாங்க. நான் அதுக்கு நேர் எதிர். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் நடுவுலதான் முதல்ல படிப்பேன். யாரு லீவு கேட்டிருக்கா, எதுக்குக் கேட்டிருக்கான்னு தெரியாட்டி எனக்கு மண்டை வெடிச்சிடும். அக்கா என்னைப் பார்த்து முறைப்பாங்க, நான் அசட்டுச் சிரிப்புச் சிரிச்சுட்டுப் படிச்சு முடிப்பேன்.

மேலயோ கீழயோ ஏதாவது குறைஞ்சா அக்கா திருப்பிக் கொடுத்துடுவாங்க. சும்மா கொடுக்க மாட்டாங்க. சிவப்புப் பென்சிலை எடுத்து ஓரத்துல "தேதி இல்லை", "துறைத் தலைவர் வழியாக வரவும்"னு மணிமணியா எழுதி, கீழ தன் முதலெழுத்தும் அன்னிக்குத் தேதியும் போட்டுத்தான் கொடுப்பாங்க. மாணவர்கள் தர்ற மனு எதுவா இருந்தாலும் அந்தந்தத் துறைத் தலைவர் கையெழுத்தோட வரணும். ஹாஸ்டல் ரூம் மாத்தணுமா, தேர்வு மையம் மாத்தணுமா, அத்தனைக்கும் அதுதான். இல்லாம வந்தா தலைகீழா நின்னாலும் நம்பர் ஏறாது. பிள்ளைங்க கெஞ்சுவாங்க. "கண்ணு, நான் இப்ப வாங்கிக்கிட்டா மேல இருந்து திருப்பி அனுப்பிடுவாங்க, உனக்குத்தான் ரெண்டு வாரம் வீணாகும். ஒரு எட்டு போய் வாங்கிட்டு வந்துடு"ன்னு அக்கா பொறுமையா சொல்வாங்க. நிஜமாவே அந்தப் பிள்ளைங்க நல்லதுக்குத்தான் சொன்னாங்க. இப்ப நினைச்சா அதைத்தான் என்னால தாங்க முடியல.

கெமிஸ்ட்ரி துறைத் தலைவரைப் பத்திச் சொல்லணும். எங்க ஆபீஸ்ல அவருக்குச் சிரிப்பு சார்னு பேரு. எப்ப வந்தாலும் முகம் நிறையச் சிரிப்பு. என் முட்டி வலி எப்படி இருக்குன்னு ஞாபகமா கேட்பாரு. அவருக்கு ஏதாவது பாராட்டு வந்தா ஆபீஸ் முழுக்க கேக் வரும். அவர் துறையிலேருந்து வர்ற காகிதம் எல்லாம் மேலயும் கீழயும் கச்சிதமா இருக்கும், அதனால அக்காவுக்கு அவர்மேல தனி மரியாதை. எனக்கும்தான். மூணு துண்டு கேக் தின்னவ, இல்லேன்னு சொல்ல முடியுமா.

அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒரு திங்கட்கிழமை, பதினோரு மணி டீ வந்த நேரம். கவுண்டர் முன்னாடி ஒரு பொண்ணு வந்து நின்னா. அதே கெமிஸ்ட்ரியில மூணாவது வருஷம் ஆராய்ச்சி பண்றவ. பிளாஸ்டிக் ஃபைல்லேருந்து நாலா மடிச்ச ஒரு காகிதத்தை எடுத்து ஓட்டை வழியா நீட்டினா. அக்கா பிரிச்சாங்க. மேல: பதிவாளருக்கு. பொருள்: புகார் தொடர்பாக. கீழ: கையெழுத்து, தேதி, எல்லாம் சரி.

"துறைத் தலைவர் வழியா வரலியே கண்ணு" அப்படீன்னாங்க அக்கா.

"அவர்கிட்ட வாங்க முடியாது மேடம்."

"ஏன், லீவுல இருக்காரா?"

"இல்ல. இருக்காரு."

"இருக்காருல்ல, அப்புறம் என்ன? போய்க் கேளு, போட்டுக் கொடுப்பாரு. நல்ல மனுஷன்."

அக்கா அதுக்குள்ள சிவப்புப் பென்சிலால ஓரத்துல எழுத ஆரம்பிச்சுட்டாங்க. நான் டீ டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு, வாயைச் சும்மா வச்சுக்கிட்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? "அவரு சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போடுவாரும்மா. எத்தனை பல்லுன்னு எண்ணிட்டு வந்து எங்களுக்கும் சொல்லு"ன்னேன். வரிசையில நின்ன ரெண்டு பேரு சிரிச்சாங்க. அந்தப் பொண்ணு சிரிக்கல. என்னை ஒரு தடவை, அக்காவை ஒரு தடவை பார்த்தா. காகிதத்தை வாங்கி மடிச்சா. மூணு அடி போனவ திரும்பினா. ஏதோ சொல்ல வர்ற மாதிரி இருந்துச்சு. அதுக்குள்ள அடுத்த ஆளு ஓட்டையில கையை விட்டுட்டான்.

அக்கா திருப்பி அனுப்பின மனுவெல்லாம் ரெண்டே நாள்ல திரும்பி வந்துடும். இது வரல. அந்த வாரக் கடைசியில, "அந்தக் கெமிஸ்ட்ரிப் பொண்ணு வரவே இல்லியே"ன்னு அக்கா கேட்டாங்க. "பிரச்சினை தீர்ந்திருக்கும், விடுங்கக்கா"ன்னு நான் சொன்னேன். மூணு வாரம் கழிச்சு அதே பொண்ணு என் மேசைக்கு வந்து, படிப்பை விட்டுட்டுப் போறதா எழுதிக் கொடுத்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிட்டுப் போனா. "என்னம்மா, கல்யாணமா?"ன்னு கேட்டேன். அவ கையெழுத்து மட்டும் போட்டா. நான் அதை அக்காகிட்ட சொல்லக்கூட இல்ல.

நாலு வருஷம் போச்சு. போன வருஷம் இன்னொரு பொண்ணு வந்தா. கூட ஒரு தோழியையும் கூட்டிட்டு வந்திருந்தா. ரெண்டு பிரதி, ஒண்ணு ஆபீசுக்கு, ஒண்ணு தனக்கு. அக்கா மேல பார்த்தாங்க: புகார்க் கமிட்டிக்கு. துறைத் தலைவர் கையெழுத்து இல்ல. கை தானா சிவப்புப் பென்சிலுக்குப் போச்சு.

"கையெழுத்து வேணாம் மேடம், சர்க்குலர்ல இருக்கு"ன்னு சொல்லி அந்தப் பொண்ணு ஒரு ஜெராக்ஸை உள்ள தள்ளினா.

அது எங்க பல்கலைக்கழகச் சர்க்குலர்தான். மேல ஓரத்துல இன்வர்ட் நம்பர், அக்கா கையெழுத்துல. பக்கத்துல தேதி முத்திரை, அதுவும் அக்கா குத்தினது. நாலு வருஷத்துக்கு மேல பழைய காகிதம் அது. அக்கா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கிட்டு, முப்பது வருஷத்துல முதல் தடவையா ஒரு காகிதத்தோட நடுவுல படிச்சாங்க. நானும் எட்டிப் படிச்சேன். ஆசிரியர் யாராவது மாணவர்கிட்டத் தப்பா நடந்துக்கிட்டா, யார் மூலமாவும் போகாம நேரா புகார்க் கமிட்டிக்கே எழுதிக் கொடுக்கலாம். எழுத முடியாட்டி வாயால சொன்னாலும் கமிட்டி எழுதிக்கணும். கூட ஒருத்தரை அழைச்சுட்டு வரலாம். எந்த ஆபீஸ்ல கொடுத்தாலும் அங்க வாங்கி, நம்பர் போட்ட நகல் தரணும். யார்மேல புகாரோ அவர் கைக்கு அந்தக் காகிதம் போகவே கூடாது. விசாரணை முடியற வரைக்கும் ஆராய்ச்சிக்கு வேற கைடு கேட்கலாம். ஒரு பக்கம்கூட இல்ல, முக்கால் பக்கம்.

அக்கா மனுவுக்கு நம்பர் போட்டாங்க, முத்திரை குத்தினாங்க, நகலைக் கொடுத்தாங்க. கொடுத்துட்டு, கேட்கவே கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டாங்க. "எந்தத் துறைம்மா? யார்மேல?"

"கெமிஸ்ட்ரி மேடம். துறைத் தலைவர்மேல."

அந்தப் பொண்ணு போனதும் அக்கா எழுந்து அலமாரியைத் திறந்து பழைய ரிஜிஸ்டரை எடுத்தாங்க. சர்க்குலர் உள்ள வந்த தேதியைப் பார்த்தாங்க. அந்தத் திங்கட்கிழமைக்கு மூணு மாசம் முன்னாடி. என்கிட்ட திரும்பி, "பல்லை எண்ணிட்டு வரச் சொன்னியே, ஞாபகம் இருக்கா?"ன்னாங்க. அன்னிக்கு மத்தியானம் ரெண்டு பேரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கல. நான் அப்பதான் மாற்றுச் சான்றிதழ் விஷயத்தையும் சொன்னேன். அக்கா திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். "விலாசம் உன் ஃபைல்ல இருக்கும், எடு"ன்னு மட்டும் சொன்னாங்க.

அந்த விலாசத்துல முதல் பொண்ணோட அம்மா இருந்தாங்க. அவங்க சொன்ன மருந்துக் கடைக்குப் போனோம். அந்தப் பொண்ணு கவுண்டருக்குப் பின்னாடி வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு மாத்திரை எடுத்துக் கொடுத்துட்டு இருந்தா. எங்களைப் பார்த்ததுமே அடையாளம் தெரிஞ்சுது அவளுக்கு. அக்கா என்ன சொல்றதுன்னு தெரியாம முதல்ல தலைவலி மாத்திரை ஒரு அட்டை கேட்டாங்க. அவ எடுத்து வச்சா. அப்புறம்தான் அக்கா, "அன்னிக்கு நான் திருப்பிக் கொடுத்த மனு உன்கிட்ட இருக்காம்மா?"ன்னு கேட்டாங்க. அதுல சிவப்புப் பென்சில் எழுத்து இருக்கும், முதலெழுத்து இருக்கும், தேதி இருக்கும். அப்பவே ஒரு புகார் வந்துச்சுன்னு காட்ட அது ஒண்ணு போதும்.

"நீங்க சொன்னபடி அவர்கிட்டயே கொண்டுபோய்க் கொடுத்தேன்"னு அவ சொன்னா. குரலை உயர்த்தல. "உட்காரச் சொன்னாரு. படிச்சாரு. சிரிச்சாரு. நான் பார்த்துக்கறேன்னு சொல்லி டிராயர்ல வச்சுப் பூட்டினாரு. மறுநாள்லேருந்து லேப் சாவி எனக்குக் கிடைக்கல. அதுக்கு முன்னாடி ரூம் கதவைச் சாத்திட்டு மேல கை வைக்கிறதும், ஒதுங்கினா மாசக்கணக்குல கையெழுத்துப் போடாம இழுக்கிறதும் நடந்துச்சு. அதைத்தான் அந்த மனுவுல எழுதியிருந்தேன். ஒன்றரைப் பக்கம். எழுத எனக்கு ஒன்பது நாள் ஆச்சு."

அக்கா, கமிட்டி முன்னாடி வந்து இதைச் சொல்ல முடியுமான்னு கேட்டாங்க. இன்னொரு பொண்ணு தனியா மாட்டிக்கிட்டு இருக்கான்னும் சொன்னாங்க. அவ கலைஞ்சு கிடந்த மாத்திரை அட்டைகளை அடுக்கி வச்சா. "வீட்ல எல்லாரும் நான் படிக்கச் சோம்பல்பட்டு விட்டுட்டேன்னுதான் நினைச்சிருக்காங்க. அது அப்படியே இருக்கட்டும். அன்னிக்கு உங்க முன்னாடி வந்து நின்னேனே மேடம், அப்ப ஒரு வார்த்தை கேட்டிருந்தா எல்லாத்தையும் சொல்லியிருப்பேன்"னா. அடுத்த ஆளுகிட்ட மருந்துச் சீட்டை வாங்கி, மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு வரி விடாம படிச்சா. நாங்க வெளிய வந்துட்டோம். அக்கா மாத்திரை அட்டையை அங்கேயே விட்டுட்டு வந்துட்டாங்க.

அதுக்கப்புறம் அக்கா வேற ஆளாயிட்டாங்க. சர்க்குலர்ல இருந்ததைப் பெரிய எழுத்துல எழுதிக் கவுண்டர் கண்ணாடியில ஒட்டினாங்க. "புகார் கொடுக்க யார் கையெழுத்தும் வேண்டாம். நேரா கொடுங்க. நம்பர் போட்ட நகல் வாங்காம போகாதீங்க." நாலாவது நாள் மேல இருந்து ஆர்டர் வந்துச்சு, அனுமதி இல்லாம கண்ணாடியில எதுவும் ஒட்டக்கூடாதாம். அக்கா கிழிச்சுட்டு, வாயால சொல்ல ஆரம்பிச்சாங்க. நாளைக்குப் பத்து வார்த்தை பேசினவங்க. ஹாஸ்டல் ரூம்ல மின்விசிறி ஓடலன்னு மனு கொண்டுவந்த பையன்கிட்டயும் சொல்வாங்க, முகவரி மாத்த வந்த பொண்ணுகிட்டயும் சொல்வாங்க. அவன் பாவம், மின்விசிறிக்குப் புகார்க் கமிட்டிக்குப் போகணுமோன்னு முழிப்பான். நான் பக்கத்துல இருந்து சிரிப்பேன். அப்பவும் சிரிச்சேன், சொல்லிட்டேன்.

விசாரணை வந்துச்சு. சிரிப்பு சாரு, அந்தப் பொண்ணு சரியா வேலை செய்யாததால கண்டிச்சேன், அதுக்குப் பழி வாங்குறான்னு சொன்னாராம். அவ ஒருத்தி வார்த்தை, அவர் ஒருத்தர் வார்த்தை. இதுக்கு முன்னாடியும் இப்படி ஒரு புகார் வந்துச்சுன்னு தெரிஞ்சா மட்டும்தான் தராசு சாயும். அக்கா தானா கமிட்டி முன்னாடி போய், "வந்துச்சு, நான்தான் திருப்பி அனுப்பினேன்"னு எழுதிக் கொடுத்தாங்க. பக்கத்து மேசைக்காரியும் பார்த்தாள்னு எழுதியிருந்தாங்க. அதனால என்னைக் கூப்பிட்டாங்க.

அதுக்கு முந்தின நாள் சிரிப்பு சாரு என் மேசைக்கு வந்தாரு. முட்டி வலி எப்படி இருக்குன்னு கேட்டாரு. "உங்க பொண்ணு லைப்ரரியில நல்லா வேலை பார்க்கிறாளா? கூடிய சீக்கிரம் தற்காலிக ஆளுங்களை நீட்டிக்கிற கமிட்டி உட்காருது, நான்தான் தலைவர்"னாரு. அவ்வளவுதான். மிரட்டல, ஒண்ணும் இல்ல, சிரிச்சுட்டுப் போயிட்டாரு. என் பொண்ணு மூணு வருஷமா அந்த வேலையை நம்பித்தான் இருந்தா. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நீட்டிப்பாங்க.

கமிட்டித் தலைவி வேற துறைப் பேராசிரியை, நல்லவங்க. "அந்தத் திங்கட்கிழமை ஒரு பெண் புகாரோட வந்ததும், இவங்க திருப்பிக் கொடுத்ததும் உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாங்க. எதிர் நாற்காலியில அக்கா உட்கார்ந்திருந்தாங்க.

"தினமும் நூறு பேர் வர்றாங்க மேடம். ஞாபகம் இல்ல."

சொன்னது நான்தான். பதினாறு வருஷம் ஓயாம பேசின இதே வாய். யாரு எந்த வருஷம் எந்தக் கலர் குடையோட வந்தாங்கன்னு சொல்றவ. அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாங்க. அப்புறம் மேசைமேல இருந்த தன் ரிஜிஸ்டரைப் பார்த்தாங்க. கமிட்டி அதைத்தான் ஆதாரமா எடுத்து வச்சிருந்துச்சு. அந்தத் திங்கட்கிழமைப் பக்கம், நம்பர் ஒண்ணுகூட விட்டுப்போகல, கெமிஸ்ட்ரியிலேருந்து எந்தப் புகாரும் ஏறல. முப்பத்தோரு வருஷம் கண்ணும் கருத்துமா எழுதின ரிஜிஸ்டர், எழுதினவங்களுக்கு எதிரா நின்னுச்சு.

முடிவு எப்படி வந்துச்சு தெரியுமா? போதிய ஆதாரம் இல்ல. அந்தப் பொண்ணுக்கு வேற கைடு கொடுத்தாங்க, அவ ஆராய்ச்சியை முதல்லேருந்து ஆரம்பிக்கணும், ரெண்டு வருஷம் போச்சு. சிரிப்பு சாருக்கு ஒரு அறிவுரை, வாய்மொழியா. அடுத்த வாரம் அக்காவுக்கு ஒரு மெமோ வந்துச்சு. மாணவி கொடுத்த புகாரைப் பெறாமல் திருப்பி அனுப்பியது ஏன்னு விளக்கம் கேட்டு. புகார் வந்ததுக்கு ஆதாரம் இல்லையாம், ஆனா அதைத் திருப்பி அனுப்பினதுக்கு இவங்க பதில் சொல்லணுமாம். இந்தக் கூத்தை யார்கிட்ட போய்ச் சொல்றது? எனக்கு வந்த ஆத்திரத்துல அந்த மெமோவைக் கிழிச்சுப் போடுங்கன்னு கத்தினேன். அக்கா ரிஜிஸ்டரைத் திறந்து, தனக்கு வந்த மெமோவுக்குத் தானே நம்பர் போட்டு, முத்திரை குத்தினாங்க. ஏன்டி பொய் சொன்னேன்னு ஒரு நாள்கூட கேட்கல. டீ வந்தா எனக்கும் சேர்த்து வாங்கி வைப்பாங்க, முன்ன மாதிரியே. அது அடிக்கிறதைவிட மோசம்.

ஓய்வு பெற்ற அன்னிக்கு விழா வேணாம்னுட்டாங்க. அவங்க மேசையை என்கிட்ட கொடுத்தாங்க, என் சான்றிதழ் வேலையோட அதுவும் சேர்ந்து என் தலையில விழுந்துச்சு. ரிஜிஸ்டர், முத்திரை, மை டப்பா, பாதி தேய்ஞ்ச சிவப்புப் பென்சில். "நீ எப்படியும் நடுவுலதான் படிப்பே. அதை மட்டும் விட்டுடாதே"ன்னு சொல்லிட்டுக் குடையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

அடுத்த மாசம் என் பொண்ணுக்கு வேலை நீட்டிப்பு வரல. தற்காலிக ஆளுங்க எல்லாரையும் ஒரே கையெழுத்துல நிறுத்திட்டாங்க. சிரிப்பு சாருதான் போட்டது, என் பொண்ணு பேரு அந்தப் பட்டியல்ல இருந்துச்சான்னு அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு அவரே வேற ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பதவியில போறாருன்னு செய்தி வந்துச்சு. போறதுக்கு முன்னாடி அவருக்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டுச்சு. இவர்மீது எந்தப் புகாரும் நிலுவையில் இல்லைன்னு. அதை டைப் அடிச்சது நான். நடுவுல இருக்கிறதை நானே எழுதி, நானே படிச்சு, நானே நீட்டினேன். "ரொம்ப நன்றிம்மா"ன்னு சிரிச்சாரு.

அவரு போன பதினொண்ணாவது நாள் உட்கார்ந்து எழுதினேன். அந்தத் திங்கட்கிழமை யார் வந்தாங்க, என்ன சொன்னாங்க, அக்கா என்ன எழுதினாங்க, நான் என்ன கிண்டல் பண்ணினேன், கமிட்டி முன்னாடி ஏன் பொய் சொன்னேன், எல்லாம். தைரியம் வந்து எழுதினேன்னு நினைக்காதீங்க. இழக்கிறதுக்கு ஒண்ணும் இல்லாம போனதும்தான் எழுதினேன். நானே நம்பர் போட்டு, நானே முத்திரை குத்திக் கமிட்டிக்கு அனுப்பினேன். வேலையை விட்டுப் போனவர்மேல நாங்க நடவடிக்கை எடுக்க முடியாதுன்னு ரெண்டு வரியில பதில் வந்துச்சு.

நகலை எடுத்துக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மாடி ரூம்ல ஜன்னல்கிட்ட உட்கார்ந்து தம்பி பொண்ணோட கணக்கு நோட்டைப் பார்த்துட்டு இருந்தாங்க. அதை ஓரமா வச்சுட்டு நான் கொடுத்ததை வாங்கினாங்க. பழக்கம் போகுமா, கண்ணு மேல போச்சு, கீழ இறங்குச்சு. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நடுவுல படிச்சாங்க. மூணு பக்கம். முழுசாப் படிச்சு முடிச்சாங்க. நான் அழுதுட்டேன். என்னை மன்னிச்சுடுங்கக்கான்னு சொன்னேன்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கே. தேதிதான் ஒருத்தருக்கும் உதவாது"ன்னாங்க. காகிதத்தை மடிச்சாங்க. "மருந்துக் கடைப் பொண்ணுக்கு ஒரு நகல் கொடுத்துட்டியா?"

"இல்லக்கா."

"அவளுக்கில்ல முதல்ல கொடுத்திருக்கணும்? இதை எடுத்துக்கிட்டு இங்க எதுக்கு வந்தே?"

தம்பி பொண்டாட்டி டீ கொண்டு வந்தா, குடிச்சுட்டுக் கிளம்பினேன். இது நடந்து நாலு மாசம் ஆகுது. மருந்துக் கடை வாசல் வரைக்கும் ரெண்டு தடவை போயிட்டேன். ஒரு தடவை கூட்டமா இருந்துச்சு. இன்னொரு தடவை யாருமே இல்ல, அவ மட்டும்தான் இருந்தா. நகல் இன்னும் என் பையிலதான் இருக்கு.